ரோல்பிளேயிங் கேம் பதிப்பகத்தில் வேலை: ரசிகர் பக்கமும் ஊழியர் பக்கமும்

கேள்வி சுருக்கமாக இது: பல வருடமாக டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடியும், அந்த ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்தும் பழகிய ஒருவர், அந்தப் புத்தகங்களை வெளியிடும் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றில் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். உள்ளே யார் என்ன செய்கிறார்கள், ரசிகர் கூட்டத்தோடு ஊழியர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள், சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருக்கிறார்.

சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் கணக்குக்குள்தான் கிடக்கிறது.

50 டாலர் விலை போட்ட, 160 பக்கம், கெட்டி அட்டை, முழு வண்ணப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பகுதி) பத்து. தலைப்புப் பக்கம், பொருளடக்கம், சொல்லடைவு, முழுப்பக்கப் படங்கள் எல்லாம் போக எழுத்துக்கு 140 பக்கம் மிஞ்சும். இரண்டு பத்தியாக நெருக்கி அடுக்கிய பக்கத்தில், இடையிடையே சிறு படங்களோடு, சுமார் 700 சொல் பிடிக்கும். ஆக 98,000 சொல். ஃப்ரீலான்சருக்குச் சொல்லுக்கு 6 சென்ட் என்றால் 5,880 டாலர். எடிட்டிங் சொல்லுக்கு 2 சென்ட், 1,960. அட்டைப் படம் 1,000. முழுப்பக்கப் படம் ஆறு, 400 வீதம் 2,400. சிறு படம் இருபது, 150 வீதம் 3,000. லேஅவுட் பக்கத்துக்கு 10 டாலர், 1,600. கூட்டினால் 15,840. இது மாதிரிக் கணக்குதான். விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்கின் உருவம் மாறாது.

இப்போது வரவு. டிஸ்ட்ரிபியூட்டர் 50 டாலர் புத்தகத்தைப் பதிப்பகத்திடம் சுமார் 20 டாலருக்கு எடுப்பார். அவரிடமிருந்து கடை பாதி விலைக்குச் சற்று மேலே வாங்கும். அந்த 20 டாலரில் அச்சுக்கு 7, கப்பல் கூலிக்கும் கிடங்குக்கும் 2.50 போனால் கையில் நிற்பது 10.50. 2,000 பிரதி அச்சிட்டு ஒன்று விடாமல் விற்றாலும் 21,000. செலவைக் கழித்தால் 5,160. முழுநேர ஊழியர் சம்பளம், வாடகை, மருத்துவக் காப்பீடு, வக்கீல் எல்லாம் இந்த 5,160 டாலருக்குள் அடங்க வேண்டும். ஒரு ஆளின் இரண்டு மாதச் சம்பளத்துக்குக்கூட இழுபறி.

அதே புத்தகத்தை ரசிகர் நேரடியாகப் பதிப்பகத்திடம் வாங்கினால் கதை வேறு. அச்சுக்கு 7, கார்டு கட்டணத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் சேர்த்து 3 டாலர் போனால் 40 மிஞ்சும். கடை வழியே போகும் ஏறக்குறைய நாலு பிரதிக்குச் சமம். ரசிகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் விற்றாலும் அப்படித்தான். அந்தத் தளம் 5 சதவீதமும், பணம் கைமாறும் கட்டணம் இன்னொரு 3 முதல் 5 சதவீதமும் எடுத்துக்கொண்டு மீதியை அச்சுக்கு முன்பே கொடுத்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு: வசூலான நாளில் போட்ட தபால் கணக்கு, ஒன்றரை வருடம் கழித்துப் பெட்டியைக் கட்டும் நாளில் பொருந்தாது. கன்டெய்னர் கூலி ஏறியிருக்கும், எடையும் ஏறியிருக்கும். "இத்தனை டாலர் சேர்ந்தால் இன்னும் 32 பக்கம் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் அந்த 32 பக்கத்தின் கிராம் கணக்கை மறந்திருப்பார்கள்.

மாதச் சந்தா கட்டும், முன்பணம் கொடுக்கும், பிடிஎஃப்பையும் விலை கொடுத்து வாங்கும் சில ஆயிரம் பேர்தான் இந்தத் தொழிலுக்கு அடுப்பெரிக்கிறார்கள். ரசிகர்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் கம்யூனிட்டி மேனேஜர் என்ற ஒருவரோடு ரசிகர் விவகாரம் முடிந்துபோகாததற்குக் காரணம் அதுதான். எடிட்டர், ஓவியம் பார்ப்பவர், கிடங்கில் டேப் ஒட்டுபவர் வரை எல்லோர் வேலையிலும் ரசிகரின் கை பட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்களும் நேற்றுவரை வெளியே நின்ற ரசிகர்கள்தான். ஒரு இடம் காலியானால் நூறு பேர் நிற்பார்கள். அந்த வரிசைதான் சம்பளத்தைக் கீழேயே பிடித்து வைக்கிறது.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1973ல் கேரி கைகாக்ஸும் டான் கேயும் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் தொடங்கிய டிஎஸ்ஆர், 1974ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமை 1,000 பெட்டி அச்சிட்டு, கையாலேயே அடுக்கி, பெட்டி 10 டாலருக்கு விற்றது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1968ல், ஜென் கான் அதே ஊரில் ஒரு மண்டபத்தில் போர் விளையாட்டுக்காரர்களின் கூடுகையாகத் தொடங்கிவிட்டது. கூட்டம் முதலில் வந்தது, கம்பெனி பிறகு வந்தது.

இனி உள்ளே நடக்கும் வேலை. பெரும்பாலான பதிப்பகங்களில் முழுநேர ஆட்கள் பத்துப் பேருக்குள்தான் இருப்பார்கள். டிசைனர், டெவலப்பர் என்ற இரண்டு பெயரையும் வெளியே குழப்பிக்கொள்கிறார்கள். டிசைனர் எழுதுபவர், பல நேரம் ஃப்ரீலான்சர். டெவலப்பர், வந்த எழுத்தை வாங்கி, ரூல் சரியா, பழைய புத்தகங்களோடு மோதுகிறதா, மூன்றாம் லெவல் கூட்டத்தை இந்த அரக்கன் ஒரே சுற்றில் கொன்றுபோடுவானா என்று பார்த்து, வேண்டிய இடத்தைத் தானே திருப்பி எழுதுபவர். எழுத்து பிந்தினால் விழித்திருப்பதும் அவர்தான். ஃப்ரீலான்சர் கைவிட்டுக் காணாமல் போனால் 12,000 சொல்லை ஒரு வார இறுதியில் எழுதி முடிப்பதும் அவர்தான். அட்டவணையில் ஒரு புத்தகத்துக்கு 12 முதல் 18 மாதம் எழுதியிருப்பார்கள். அதில் அசையாத தேதிகள் இரண்டு: அச்சகத்தின் இடம், ஜென் கான் நடக்கும் ஆகஸ்ட் வாரம். எழுதுபவர் இரண்டு வாரம் தாமதித்தால் அந்த இரண்டு வாரமும் டெவலப்பர், எடிட்டர், லேஅவுட் என்று வரிசையில் பின்னால் நிற்பவர்களின் தூக்கத்திலிருந்து வெட்டப்படும்.

லேஅவுட் கட்டத்தில்தான் வெளியே தெரியாத தப்புகள் பிறக்கின்றன. எழுதும்போது பக்க எண் தெரியாது, அதனால் 'பார்க்க: பக்கம் எக்ஸ்எக்ஸ்' என்று போட்டு வைப்பார்கள். கடைசி மெய்ப்பில் அந்த எக்ஸ்எக்ஸைத் தேடிப்பிடித்து எண் போட வேண்டும். போட்ட பிறகு 43ம் பக்கத்தில் ஒரு சொல் திருத்தினால் ஒரு வரி கூடும். பத்தி கீழே இறங்கும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவும், ஏற்கெனவே போட்ட எண்ணெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஆகவே கடைசி இரண்டு மெய்ப்பில் திருத்தம் செய்பவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வார்கள்: எத்தனை எழுத்தை எடுக்கிறோமோ ஏறக்குறைய அத்தனை எழுத்தைத்தான் வைக்கலாம். மொத்தமாகத் தேடி மாற்றும் வசதி இன்னும் ஆபத்து. 1990களில் டிஎஸ்ஆர், மாயப் பொருள்களைத் தொகுத்த ஒரு வரிசையில் 'மேஜ்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'விசர்ட்' என்று மாற்றியது. அடியைக் குறிக்கும் 'டேமேஜ்' என்ற சொல்லின் வாலிலும் ஆங்கிலத்தில் அதே நாலு எழுத்து இருந்ததால் அதுவும் 'டாவிசர்ட்' ஆகி அச்சேறியது. முப்பது வருடம் ஆகிறது, ரசிகர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிழை பிடிப்பதில் ரசிகர்களை மிஞ்ச ஆள் இல்லை. உள்ளே நாலு பேர் மூன்று மாதம் பார்த்துத் தவறவிட்டதைப் பிடிஎஃப் வெளியான முதல் இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். இதைத் தெரிந்த பதிப்பகங்கள் அச்சுக்கு அனுப்பும் முன்பே, முன்பணம் கட்டியவர்களுக்குப் பிடிஎஃப்பைக் கொடுத்து இரண்டு மூன்று வாரம் காத்திருக்கும். அந்த வாரங்கள் பயன்பட வேண்டுமானால் பிழை ஒரே படிவத்தில் வர வேண்டும்: பக்கம், இடப் பத்தியா வலப் பத்தியா, இப்போது இருக்கும் வாக்கியம் அப்படியே, என்ன தப்பு. நாலே கட்டம். "ஐந்தாம் அத்தியாயத்தில் நிறையப் பிழை இருக்கிறது" என்பது யாருக்கும் உதவாது. வந்தவற்றை உள்ளே ஒருவர் மூன்றாகப் பிரிப்பார். எழுத்துப்பிழை உடனே போகும். எண் பிழை டெவலப்பரிடம் போகும். "இந்த ரூலே சரியில்லை" என்பது இந்தக் கட்டத்தில் எங்கேயும் போகாது. தங்கள் வரி கண்டுகொள்ளப்படவில்லை என்று கோபப்படுபவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வகையைத்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த வாக்குவாதத்துக்கு உரிய இடம் பிளேடெஸ்ட், அதாவது வெளியிடும் முன் ஆடிப் பார்க்கும் சோதனை. அது முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

பிளேடெஸ்ட் பற்றி ஒன்று. பைசோ என்ற பதிப்பகம் 2008ல் தன் பாத்ஃபைண்டர் கேமை வெளிப்படையாக எல்லோருக்கும் கொடுத்துச் சோதித்து 2009ல் புத்தகமாக்கியது. இரண்டாம் பதிப்பையும் 2018ல் அப்படியே சோதித்து 2019ல் வெளியிட்டது. டிஎஸ்ஆரைப் பின்னாளில் வாங்கிய விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கு 2012 முதல் பொதுச் சோதனை நடத்தியது. உள்ளே இருப்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இது: எங்கே வலிக்கிறது என்பதை ரசிகர் கிட்டத்தட்டத் தவறாமல் சொல்வார், அதற்கு அவர் சொல்லும் மருந்து கிட்டத்தட்ட எப்போதும் தப்பு. "மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி கூட்டுங்கள்" என்று இருநூறு பேர் எழுதினால், உண்மையான கோளாறு முதல் சுற்றில் அரக்கன் எவ்வளவு தூரம் ஓடிவர முடிகிறது என்பதில் இருக்கும். ஆகவே நல்ல அறிக்கையில் கருத்து கொஞ்சம், நிகழ்வு நிறைய இருக்க வேண்டும். எத்தனை பேர், எந்த லெவல், எத்தனை மணி நேரம், சண்டை எத்தனை சுற்று ஓடியது, யார் எப்போது விழுந்தார், எந்த ரூலைத் தேடி எவ்வளவு நேரம் ஆட்டம் நின்றது. இந்தக் கடைசி எண்ணுக்கு என் கணக்கில் மதிப்பு அதிகம், எழுதுபவர்கள்தான் குறைவு. ஆடாமலே தாளில் கணக்குப் போட்டு அனுப்பும் அறிக்கையும் நிறைய வரும். தப்பில்லை, ஆனால் ஆடாமல் எழுதியது என்று மேலேயே சொல்லிவிட வேண்டும்.

ரூல் சந்தேகம் இன்னொரு கண்ணிவெடி. டிஎஸ்ஆரின் டிராகன் இதழில் 1979ல் கேள்வி-பதில் பகுதி தொடங்கியதே, தபாலில் குவிந்த சந்தேகங்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லத்தான். இன்று தபால் இல்லை, ஆனால் இரவு பதினொன்றரைக்கு டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ஒரு டிசைனர் "ஆமாம், அப்படித்தான் நினைக்கிறேன்" என்று தட்டினால், காலையில் அது ஸ்கிரீன்ஷாட் ஆகி நாற்பது மேசையில் சட்டமாகிவிடும். மறுவாரம் அவர் கூட வேலை செய்பவர் வேறு பதில் சொல்வார். பிறகு இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பெரிய பஞ்சாயத்து. இதைத் தவிர்க்க ஒழுங்கான இடங்களில் ஊழியர் தனிப்பட்ட முறையில் ரூல் சொல்லக்கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். சந்தேகம் ஒரு பட்டியலில் சேரும், மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள், ஒரே பக்கத்தில் தேதியோடு வெளியாகும். அதுவரை கேம் மாஸ்டர் முடிவே முடிவு. ரசிகருக்கு இது இறுக்கமாகத் தெரியும். பேசிப் பேசி வளர்ந்த கூட்டத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது ஊழியருக்கும் எளிதில்லை.

உரிமம் விஷயத்தில் ரசிகர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். 1990களின் நடுவில், ரசிகர்கள் இணையத்தில் போட்டு வைத்த சொந்தச் சாகசங்களையும் (ஆடுவதற்கான கதைகள்) அரக்கர்களையும் எடுக்கச் சொல்லி டிஎஸ்ஆர் துரத்தியது. அந்த நாளில் கம்பெனிப் பெயரின் நடு எழுத்தை டாலர் குறியாக்கி எழுதுவது ரசிகர் வழக்கமானது. 1997ல் விசர்ட்ஸ் டிஎஸ்ஆரை வாங்கியது. 1999ல் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ விசர்ட்ஸை வாங்கியது. 2000ல் ஓப்பன் கேம் லைசென்ஸ் வந்தது. அடிப்படை ரூல்களை யாரும் எடுத்துப் புத்தகம் போடலாம், ராயல்ட்டி வேண்டாம். இருபது வருடம் பல நூறு சிறு பதிப்பகங்கள் அதன்மேல் வீடு கட்டின. 2023 ஜனவரியில் அந்த உரிமத்துக்கு விசர்ட்ஸ் எழுதிய புதிய வரைவு கசிந்தது. பழைய உரிமம் செல்லாது, வருடம் 7,50,000 டாலருக்கு மேல் விற்றால் மிகுதியில் 25 சதவீதம் வரை ராயல்ட்டி என்றது. அதே மாதம் 12ம் தேதி பைசோ, யாரும் திரும்பப் பெற முடியாத பொது உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் மூலப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்துபோனதாகவும் சொன்னது. விசர்ட்ஸ் நடத்திய கருத்துக்கேட்பில் 15,000க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். 27ம் தேதி விசர்ட்ஸ் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை ஆவணத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது.

இது ரசிகர் வெற்றி என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஊழியர் மேசையில் அது வேறு மாதிரி இருந்தது. அந்த மூன்று வாரமும் வசவு வாங்கியவர்கள் வாடிக்கையாளர் சேவை ஆட்களும் கம்யூனிட்டி ஆட்களும். வரைவை எழுதியவர்கள் அவர்கள் இல்லை, முன்கூட்டிப் பார்த்தவர்களும் அல்ல. பைசோவுக்கோ திட்டத்தில் இல்லாத ஒரு மறுபதிப்பு வேலை தலையில் விழுந்தது. பழைய உரிமத்தை ஒட்டிய சொற்களையும் கருத்துகளையும் களைந்து 2023 நவம்பர் முதல் மூலப் புத்தகங்களைப் புதுப்பித்தார்கள். மந்திரங்களின் எட்டுப் பிரிவு போனது, நல்லவன்-கெட்டவன் என்ற ஒன்பது கட்டம் போனது, நிறத்தாலும் உலோகத்தாலும் பெயர் பெற்ற டிராகன்கள் போயின. 'மேஜிக் மிசைல்' பெயர் மாறி 'ஃபோர்ஸ் பராஜ்' ஆனது. ஒரு மந்திரத்தின் பெயர் மாறினால் அதைக் குறிப்பிடும் அரக்கன், மாயக்கோல், சாகசம், அட்டவணை எல்லாம் மாற வேண்டும். மேலே சொன்ன 43ம் பக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர் தன் படைப்பை விற்கவும் இப்போது வழி இருக்கிறது. 2016ல் தொடங்கிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில், விசர்ட்ஸின் உலகத்தையும் பெயர்களையும் பயன்படுத்தி எழுதலாம், எழுதியவருக்கு 50 சதவீதம். சொந்த உலகத்தை வைத்து டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடையில் போட்டால், அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் 70, இல்லாவிட்டால் 65 சதவீதம். வித்தியாசம் 20 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கில்டில் போட்டதை வெளியே எடுத்துப்போக முடியாது. உங்கள் சாகசத்தில் உங்களுடைய ஊரும் உங்களுடைய வில்லனும் மட்டுமே இருந்தால் அதைக் கில்டில் கொண்டுபோய்க் கட்டிப்போடக் காரணமே இல்லை. அச்சுப் பிரதியும் வேண்டுமென்றால் படங்களை சிஎம்ஒய்கேயில் (அச்சின் நாலு மை நிறங்களில்), 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), மொத்த மை அளவு 240 சதவீதத்துக்குள் வைத்துக் கொடுங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் இந்த மை அளவில்தான் திரும்பி வரும். கறுப்புப் பின்னணி போட்ட பக்கம் திரையில் அழகாக இருக்கும், நாலு மையும் சேர்ந்தால் 300ஐத் தாண்டிவிடும்.

தன்னார்வலர்கள் பற்றிப் பேசாமல் ரசிகர் சமூகம் பற்றிப் பேச முடியாது. 1980ல் டிஎஸ்ஆர் ஆர்பிஜிஏ என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கியது. பைசோவின் ரசிகர் ஆட்ட அமைப்பான பாத்ஃபைண்டர் சொசைட்டியில் வெஞ்சர் கேப்டன், வெஞ்சர் லெஃப்டினன்ட் என்று பட்டம் கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மேசைகளை ஒழுங்கு செய்ய ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு சினாரியோ (ஒரே அமர்வில் முடியும் கதை) நாலைந்து மணி நேரம், நாலிலிருந்து ஆறு பேர், முடிந்ததும் ஒரு தாளில் யார் என்ன பெற்றார் என்று எழுதிப் பதிவேற்ற வேண்டும். கைம்மாறு பொருளாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். இவர்கள் சோர்வது கேம் நடத்தி அல்ல. வராமல் போன கேம் மாஸ்டருக்கு மாற்றுத் தேடுவது, ஏழாவது ஆளைத் திருப்பி அனுப்புவது, பதிவேற்றாத தாளைத் துரத்துவது, இவைதான் ஆளைக் கரைக்கும். நிறுவனத்துக்கும் இதில் கத்தி தொங்குகிறது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி லாப நோக்குள்ள கம்பெனிக்கு ஒருவர் இலவசமாக ஊழியம் செய்ய முடியாது. 2016ல் விசர்ட்ஸ் வெளியிடும் மேஜிக் சீட்டாட்டத்தின் போட்டி நடுவர்கள் சிலர் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது இதை வைத்துத்தான். ஆகவே தன்னார்வலரிடம் எதைக் கேட்கிறோம், எதைக் கட்டளையிடுகிறோம் என்று நிறுவனம் சொல் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ஜென் கான் 2003லிருந்து இண்டியானாபொலிஸில் நடக்கிறது. நாலு நாள், 2023ல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். ரசிகருக்குத் திருவிழா, ஊழியருக்கு அறுவடை. கடையில் நின்று நாலு மணி நேரம் விற்பனை, பிறகு ஒரு மணி நேரம் மேடைப் பேச்சு, பிறகு மாலை மேசை நடத்துவது. மூன்றாம் நாள் குரல் இருக்காது. அனுபவப்பட்ட இடங்கள் செய்வது: விற்பனை முறை நாலு மணி நேரத்துக்கு மேல் போகாது, பணம் வாங்குபவர் ரூல் விவாதத்தில் இறங்கமாட்டார், நீண்ட பேச்சுக்கு வருபவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேச ஒருவர் தனியே நிற்பார். புதுப் புத்தகம் கப்பலில் சிக்கினால் இருநூறு பிரதியை மட்டும் விமானத்தில் வரவழைப்பார்கள். அதன் கூலி அந்த இருநூறின் லாபத்தை விழுங்கிவிடும். தெரிந்துதான் செய்கிறார்கள், ஏனென்றால் ஆகஸ்டில் மேசையில் இல்லாத புத்தகத்தை யாரும் பேசமாட்டார்கள்.

ரசிகர் தளங்களில் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்தலுக்கு வருகிறேன். எழுதி வைத்த விதி இருக்க வேண்டும். ஒருவரை வெளியேற்றும் முடிவை இரண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும், குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். இவை எல்லோரும் சொல்வது. பலர் தவறவிடுவது ஒன்று: தன் புத்தகத்தைத் திட்டும் பதிவை அந்தப் புத்தகத்தின் டிசைனர் நீக்கக்கூடாது. பதிவு விதியை மீறியிருந்தாலும் வேறொருவர்தான் நீக்க வேண்டும். புகார் கொடுக்க ஒரே ஆளின் பெயரை மட்டும் போட்டு வைப்பதும் வேலைக்காகாது, புகாரே அவர் நண்பர்மேல் இருக்கலாம். ஆட்ட மேசைக்கு ஜான் ஸ்டாவ்ரோபூலஸின் எக்ஸ்-கார்டு (சங்கடமான காட்சியை நிறுத்தத் தொடும் அட்டை), ரான் எட்வர்ட்ஸ் சொன்ன 'லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்' (எது ஆட்டத்தில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்ற முன் ஒப்பந்தம்) போன்ற பாதுகாப்பு முறைகள் உண்டு. அவை மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்குள் வேலை செய்பவை. ஊழியரை மாதக்கணக்கில் துரத்தித் திட்டும் ஒருவருக்கு எதிராக அவை ஒன்றும் செய்யாது. அதற்கு மேலாளர் வேண்டும், தேவைப்பட்டால் வக்கீல் வேண்டும்.

தொழிற்சங்கம் இந்தத் துறைக்கு வந்ததும் இந்தப் பின்னணியில்தான். 2021 அக்டோபரில் பைசோ ஊழியர்கள் யுனைடெட் பைசோ வொர்க்கர்ஸ் என்ற சங்கத்தை அறிவித்தார்கள். சியாட்டில் பக்கத்து வாழ்க்கைச் செலவுக்கு எட்டாத சம்பளம், ஓயாத அவசர வேலை, ஆட்கள் அடுத்தடுத்து விலகியது ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் நிறுவனம் தானாகவே சங்கத்தை ஏற்றுக்கொண்டது. இதில் பேசப்படாத பங்கு ஃப்ரீலான்சர்களுடையது. அவர்களில் பலர் எழுத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். அட்டவணை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரிய நிழலும் பாதுகாப்பு இல்லை. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ 1,100 பேரை நீக்குவதாக அறிவித்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பக்கமும் ஆட்கள் போனார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் வழி இது. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து நேரே டிசைனர் ஆவது அபூர்வம். நுழைவது வாடிக்கையாளர் சேவை, எடிட்டிங், அல்லது ஃப்ரீலான்ஸ் எழுத்து வழியாக. கேட்காமல் கதைச் சுருக்கத்தை அனுப்பாதீர்கள். வக்கீல் சொன்னதால் அதைத் திறக்காமலே அழிப்பார்கள். நாளை அதேபோல ஒரு புத்தகம் வந்தால் திருடினார்கள் என்று பெயர் வரும் என்ற பயம். வேலைக்குச் சேர்ந்தபின் நீங்களும் ரசிகர்களின் சாகசங்களைப் படிக்கக்கூடாது என்பார்கள், காரணம் அதேதான். அனுப்ப வேண்டியது: ஏற்கெனவே வெளியான ஒரு சிறு படைப்பு, கில்டில் விற்றதாக இருந்தாலும் சரி. அதில் ஒரு அரக்கனின் புள்ளிக்கட்டம் (அதன் பலம், தாக்குதல் எண்களின் பட்டியல்) அந்த நிறுவனத்தின் நடையில், ஒரு எண் பிசகாமல் இருக்க வேண்டும். டெவலப்பர் முதலில் அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பார். வேலை கிடைத்தால் 3,000 சொல் கேட்ட இடத்தில் 3,000 கொடுங்கள், முன்னே பின்னே ஐந்து சதவீதம். 4,200 சொல் அனுப்பிவிட்டு "வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்" என்பவருக்கு இரண்டாவது வேலை வராது, வெட்டுவதும் ஒரு நாள் வேலை என்பதால்.

ஒப்பந்தத்தில் மூன்று வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும், அதை மாற்ற முடியாது, பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பணம் எழுத்தை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எத்தனை நாளில், அல்லது புத்தகம் வெளியான பிறகா என்று பாருங்கள். 'வெளியான பிறகு' என்று இருந்தால், புத்தகம் ஒரு வருடம் தள்ளிப்போனால் உங்கள் பணமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். திட்டமே கைவிடப்பட்டால் என்ன கிடைக்கும் என்ற வரி மூன்றாவது. அந்த வரி பல ஒப்பந்தங்களில் இருக்காது. கேட்டால் சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு, எனவே கேளுங்கள்.